கண்ணு போன எருமை

எருமையின் தலையிலிருந்து மடிக்கு ஒரு சரக்கு போகிறது. அது தலையிலிருந்துதான் போகிறதா, போனால் எவ்வளவு போகிறது என்று பார்த்து வா என்று எங்கள் பேராசிரியர் என்னைக் கடல் தாண்டி அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் என் மாமியார் ஊராருக்குச் சொன்ன கதை வேறு. "மருமகள் இந்தியாவுக்கு மேற்படிப்புக்குப் போயிருக்கிறா." எருமையின் கழுத்தில் ஊசி குத்தப் போயிருக்கிறா என்று சொன்னால் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம். நானே கப்பலேறிய பிறகு மானம் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன!

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. ஏன், எங்கள் நாட்டில் எருமை இல்லையா என்று கேட்பீர்கள். வன்னியில் இருக்கிறது. அவை காட்டுக்குப் பிறந்தவை. கிட்டப் போனால் ரத்தம் எடுப்பது நாமாக இருக்க மாட்டோம். சேலம், நாமக்கல் பக்கத்து எருமைகள் மனிதரோடு பழகியவை, பரம சாது என்று பேராசிரியரின் நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அந்த நண்பர் எருமையைப் படத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி, எதிரே இருந்த கடையில் "ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "தேங்காத் தண்ணீங்களா? எளநிக் கடை அக்கட்டால இருக்குதுங்" என்று கை காட்டினார். டீ என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். தமிழச்சி தமிழ் நாட்டில் இங்கிலீசில் கேட்டால்தான் தேத்தண்ணி.

தங்கியது திருச்செங்கோட்டில் ஒரு லாட்ஜில். எதிரில், பூமியைத் துளை போடும் ரிக் லொறிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. விடிவதற்கு முன் சம்மட்டி அடி தொடங்கிவிடும். எங்கள் ஊரில் நாலு ஆள் மட்டத்துக்குத் தோண்டினாலே கிணற்றில் தண்ணீர் தெரியும். இங்கே பாதாளம் வரை துளைத்துவிட்டு, "மண்ணுல ஈரம் தட்டுதுங்" என்று சந்தோஷப்படுகிறார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் இடியப்பத்துக்கு இங்கே சந்தகை என்று பெயர். மேலே ஊற்றச் சொதியைத் தேடினேன். தேங்காய்ப் பாலில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றித் தந்தார்கள். முதலில் முகம் சுளித்தேன். பிறகு மூன்று தட்டுச் சாப்பிட்டேன்.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் சில நரம்புகள், ஒன்பது மணி கோத்த ஒரு சிறு சரத்தைச் செய்து, மூளைக்குக் கீழே தொங்குகிற ஒரு சின்னச் சுரப்பிக்கு இறக்கிவிடும். கன்று மடியை முட்டியதும், சில சமயம் அதன் குரல் கேட்டதுமே, சுரப்பி அந்தச் சரத்தை ரத்தத்தில் அவிழ்த்துவிடும். ஒரு நிமிஷத்தில் அது மடிக்குப் போய்ப் பால் அறைகளைச் சுற்றியிருக்கும் தசையைப் பிழியும். பால் இறங்கும். ஐந்தாறு நிமிஷத்துக்குள் பெரும்பகுதி ரத்தத்திலேயே அழிந்தும் போகும். அதை நாங்கள் ஒக்சிற்றோசின் என்று எழுதுவோம். இதை அச்சடிப்பவர் ஆக்ஸிடோசின் என்று திருத்திவிடுவார்.

நரம்பு செய்கிற இந்த மாதிரிச் சரங்கள் ரத்தத்தில் பல உண்டு. சில மூளையில் பிறந்தவை, சில குடலைச் சுற்றிய நரம்புகளில் பிறந்தவை. ரத்தத்தில் பிடித்து வைத்து, எந்த வாசலால் வந்தாய் என்று கேட்டால் ஒன்றும் வாய் திறக்காது. அதுதான் எங்களுக்குத் தலையிடி. கறப்பதற்கு முன் ஒரு குழாய் ரத்தம், பால் இறங்கும்போது ஒரு குழாய் ரத்தம், இரண்டையும் ஐஸில் வைத்துக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். கூடவே, மருந்தாகச் செய்த அதே சரம் ஆறு குப்பி என் பெட்டியில் இருந்தது. ஊசியால் போனது ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்கு.

திங்கட்கிழமை ஜேடர்பாளையம். காவிரியில் தடுப்பணை கட்டிய ஊர். தண்ணீர் ததும்பிக்கொண்டு நிற்கிறது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சென்னியப்பன் என்னை ஒரு தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். வீட்டுக்காரி பாவாயி. ஐம்பது வயது இருக்கும். கையில் சாணி, வாயில் வெற்றிலை. "வாங் சாமி" என்றாள். எங்கள் பக்கம் சாமி என்றால் கோயிலுக்குள் இருப்பவர். இவள் என்னைச் சாமி என்றாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சாமி என்றாள், புகையிலை கேட்டு வந்த கிழவரையும் சாமி என்றாள். எருமையை மட்டும் ஆத்தா என்றாள்.

"உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும் அக்கா" என்றேன்.

"கதையெல்லாம் பொழுதோட சொல்லுங் சாமி. இப்ப வேல கெடக்குது."

ஒருவழியாக எருமையைப் பற்றிக் கேட்டேன். கட்டுத்தறியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது அது. பாவாயி அதன் முதுகைத் தடவினாள்.

"கண்ணு போயிப் பதினஞ்சு நாளாச்சுங். அதுல இருந்து பாலை எக்கிக்குது. மடி நெறைய வெச்சுக்கிட்டு ஒரு சொட்டு உட மாட்டீங்குது."

ஐயோ பாவம் என்று இருந்தது எனக்கு. "ரெண்டும் போயிட்டுதோ?"

"ஒன்னுதானுங்களே. இந்த ஈத்துக்கு ஒன்னுதான்."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கந்தானுங்." இடது பக்கம் கை நீட்டினாள். "தென்ன மரத்துக்கு அக்கட்டால பொதைச்சோம். மஞ்சத்தண்ணி தெளிச்சு, பூப் போட்டு."

என் குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: 'ஆறாவது ஈற்று. இடது கண் இல்லை. மிருகத்தின் கண் போனால் அதைத் தென்னையடியில் மஞ்சள் நீர் தெளித்து அடக்கம் செய்யும் வழக்கம் இப்பகுதியில் உண்டு.' அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கோட்டு, ரப்பர் கையுறை, கையில் ஊசி. கண் இல்லாத பக்கமாகப் போனால் எருமை மிரளாது என்று என் விஞ்ஞான மூளை கணக்குப் போட்டது. இடது பக்கமாக, அடி மேல் அடி வைத்துப் போனேன். எருமை தலையைத் திருப்பி, இல்லாத கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தது. அடுத்த நிமிஷம் நான் எருக்குழியில் கிடந்தேன். ஊசி ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம்.

சென்னியப்பன் ஓடி வந்து தூக்கினார். "கண் தெரியாது எண்டு சொன்னாவே!" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பாவாயியைப் பார்த்தார், பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மிணி, கண்ணுன்னா கண்ணுக்குட்டிங்! அது ஈன்ற கண்ணு செத்துப்போச்சுங்!"

கன்று! நாங்கள் கண்டு என்போம். கண்டுக்குட்டி. இங்கே அது கண்ணு. பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதும் கண்ணு, முகத்தில் இருப்பதும் கண்ணு. ஒரே சொல்லை மூன்று பேருக்குப் பங்கு வைத்தால் வெளியூர்க்காரி என்ன செய்வாள்?

சிரிக்காதவர் பாவாயியின் வீட்டுக்காரர் முத்துசாமி ஒருவர்தான். கையில் சாட்டையோடு வந்து எருமையின் விலாவில் ஒன்று வைத்தார்.

"திமிருங். கண்ணு செத்தா எல்லா எருமையும் ரெண்டு நாளு கத்தும், அப்பறம் கறக்கும். இது வேணும்னே அடக்குது. சனிக்கெழம சந்தைக்கு ஓட்டிப்போடறேன். கேரளா லாரிக்காரன் கறிக்கு ஏத்திக்குவான்."

அவர் போனதும் பாவாயி அடிபட்ட இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இத எங்கம்மா ஊட்டுல இருந்து கண்ணாப் புடிச்சுக்கிட்டு வந்தனுங். இந்த ஊட்டுல எனக்குன்னு இருக்கற சீவன் இது ஒன்னுதான். ஊசி போடற டாக்டருன்னு சொன்னாங். நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்." நான் எருவைத் தட்டிக்கொண்டு நின்றேன். என் சோதனைக்குப் பால் இறங்குகிற எருமைதான் வேண்டும். வேறு எருமை பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்குப் போக மனம் வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஜேடர்பாளையம் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்தில் இருந்தவர் மெல்ல, "பால் ஐஸுங்களா, சேமியா ஐஸுங்களா?" என்று கேட்டார். "ரத்தம் வைக்கிற பெட்டி" என்றேன். எழுந்து நின்றுகொண்டார். எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

அப்போது முன்சீட்டில் ஒரு குழந்தை அழுதது. பசி அழுகை. எனக்கு ஒரு வயதில் மகன் இருக்கிறான். பால் மறக்கடிக்க இதுதான் நல்ல சமயம் என்று தமக்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். வழியில் அனுமதிக் கடிதங்களுக்காக அலைந்ததையும் சேர்த்து மூன்று வாரமாயிற்று, பால் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். நினைத்தது நான்தான், என் தலை அப்படி நினைக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளை அழுததற்கு என் ரவிக்கை நனைந்தது. ஒக்சிற்றோசினைப் பற்றி மூன்று வருஷம் படித்தவளுக்கு, அது தன் உடம்பில் ஓடுகிறபோது சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முதலில் பால் வந்தது, பிறகுதான் கண்ணீர் வந்தது. பஸ் முழுக்க ஆட்கள். ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பாவாயி என்னைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். "கண்ணு ஊட்டுல இருக்குதா சாமி?"

"ஓம் அக்கா. ஒரு வயசு."

"அடப் பாவி மகளே! உட்டுப்போட்டு எருமையத் தேடிக்கிட்டு வந்தியாக்கும்!" அதுவரை மரியாதைக்குப் போட்ட 'ங்' எல்லாம் அன்றோடு போயிற்று. உள்ளே இழுத்துக்கொண்டுபோய்த் தன் பழைய சேலையையும் ரவிக்கையையும் தந்தாள். சாணி, தவிடு, வெற்றிலை எல்லாம் சேர்ந்த வாசனை. அந்தச் சேலையோடு கட்டுத்தறிக்குப் போனேன். எருமை என்னை மோந்து பார்த்தது. பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெள்ளைக் கோட்டால் முடியாததைப் பழைய சேலை செய்தது.

குப்பியைக் காட்டிப் பாவாயிக்கு விளக்கினேன். "இது அதின்ரை தலையிலை ஊறுகிற சாமான் அக்கா. தலையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிப் பாலைப் பிழியும். இப்ப தலை விடுகுதில்லை. அதாலை ஊசியாலை விடப்போறன்."

பாவாயி யோசித்தாள். "புள்ள நெனப்பு வந்தாப் பாலு வருது. செரி. இந்த ஊசியில பாலு வந்தா, புள்ள நெனப்பும் வருமா?"

எங்கள் பேராசிரியர் இரண்டு வருஷமாகச் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி அது. இதே சரம் மூளைக்குள்ளேயும் வேலை செய்கிறது, தாய்க்குப் பிள்ளை மேல் பாசத்தைக் கிளப்புவது அதுதானோ என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் மூளையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கும் வழி இருக்கிறதே தவிர, ரத்தத்திலிருந்து மூளைக்கு ஏறும் வழியில் கதவு சாத்தியிருக்கிறது. பெரும்பாலும் உள்ளே விடாது.

"வராது அக்கா. மடிக்குத்தான் போகும். தலைக்கு ஏறாது."

"அதுவும் நல்லதுதான். பாலு மட்டும் வரட்டும். நெனச்சு நெனச்சு அது பட்டது போதும்."

கழுத்துத் தசையில் குத்தினேன். பாவாயி மடியைக் கழுவி, காம்பை நீவிக்கொண்டே "உடு ஆத்தா, உடு" என்றாள். கொஞ்ச நேரத்தில் காம்பு விறைத்தது. பிறகு போசிப் பாத்திரத்தில் சர் சர் என்று சத்தம். பாவாயி சிரித்தாள், அழுதாள், என் கன்னத்தைப் பால் கையால் வழித்துத் திருஷ்டி கழித்தாள். முத்துசாமி வந்து பார்த்துவிட்டு, "மருந்து இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வியாழன் காலை, மாலை, வெள்ளி காலை. நான் குத்துவேன், அவள் கழுவுவாள், எருமை கறக்கும். ரத்தமும் எடுத்தேன். ஊசியால் போனது ரத்தத்தில் இருந்தது என்று அந்த ரத்தம் நிரூபிக்கும்; தலையிலிருந்து என்ன வந்தது என்று சொல்லாது. அதை நிரூபிக்க எருமை எதற்கு? ஒரு வாளித் தண்ணீரில் குத்தினாலே போதும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐஸ் வாங்கித் திரும்பும்போது பஸ் டயர் வெடித்தது. இறங்கி வேப்ப மரத்தடியில் நின்றோம். கண்டக்டர் ஸ்டெப்னி டயரை மேலேயிருந்து உருட்டிவிட்டார். அது உருண்டு வந்து என் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தது. மிச்சமிருந்த இரண்டு குப்பியும் தூள். மருந்து கரைக்க வைத்திருந்த உப்புத் தண்ணீர்ப் போத்தல் மட்டும் தப்பியது. "அடடா, ஐஸெல்லாம் போச்சே" என்று எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது கறக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஊசி இல்லாமல் முத்துசாமியே கறக்க உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொட்டு வரவில்லை. எருமை போசியையும் அவரையும் சேர்த்து உதைத்திருக்கிறது. சந்தைக்கு ஓட்டிப்போகப் புதுக் கயிறு ஒன்று வாசலில் கிடந்தது. அன்று நானும் அங்கேயே படுத்தேன்.

சனிக்கிழமை விடிகாலை, முத்துசாமி ஆற்றுப் பக்கம் போன நேரம். பாவாயி மடியைக் கழுவிக்கொண்டே, "ஊசியப் போடு சாமி" என்றாள்.

"மருந்து இல்லை அக்கா. எல்லாம் உடைஞ்சு போச்சு."

"அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எருமைக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றினேன். அதே சேலை, அதே இடம், அதே குத்து. "உடு ஆத்தா, உடு." ஒரு நிமிஷம். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம். பாவாயியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டு எதையோ யோசிப்பது போல் நின்றது. காம்பு விறைத்தது.

சர் சர்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது குப்பியிலிருந்து வந்தது இல்லை. இது தலை! ஊசிக் குத்தையே கன்றின் முட்டலாக எடுத்துக்கொண்டு, இருபது நாளாகப் பூட்டி வைத்ததை அதன் மூளையே அவிழ்த்துவிட்டிருக்கிறது. நான் கடல் தாண்டித் தேடி வந்த சரம் இந்த நிமிஷம் அந்தக் கழுத்தின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்து வைக்க ஐஸ் இல்லை, பெட்டி இல்லை. ஐந்தாறு நிமிஷத்தில் சாட்சி அழிந்துவிடும். "அக்கா, உப்புத் தண்ணிக்கே வந்திட்டுது! தலையிலிருந்து வருகுது!" என்று கத்தினேன்.

"வாய மூடு!" என்று பாவாயி சீறினாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். முத்துசாமி பின்னால் நின்றார்.

அவர் போத்தலை எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். எருமையைப் பார்த்தார். ஒரு கையில் கயிறு. மற்றக் கை செருகியிருந்த சாட்டையை உருவியது.

"உப்புத் தண்ணி. உப்புத் தண்ணிக்கே கறக்குதுன்னா, இத்தன நாளு வேணும்னே அடக்கி வெச்சிருக்குது. அன்னிக்கே சொன்னனில்ல, திமிருன்னு? டாக்டரம்மா, நெசத்தச் சொல்லுங். பாலு ஊசி மருந்துல வந்துச்சா, இல்ல இதும் மண்டையில இருந்து வந்துச்சா?"

பாவாயி கறப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்திருந்தது.

"மருந்திலைதான்" என்றேன். "நான் உப்புத் தண்ணி எண்டு சொன்னது இந்த மருந்தைத்தான், கொஞ்சம் உப்புக் கரிக்கும். போத்தலை இங்கேயே விட்டிட்டுப் போறன். அக்காவுக்குக் குத்தப் பழக்கிவிடுறன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"வாய்ல சொன்னா ஆச்சுங்களா? அது தலையில கைய வெச்சுச் சொல்லுங்."

எருமையின் முன்னால் போய் நின்றேன். இரண்டு கொம்புக்கும் நடுவில், சுடச்சுட இருந்த அந்த நெற்றியில் வலது கையை வைத்தேன். இதற்குள்ளிருந்து ஒன்றுமே வரவில்லை, எல்லாம் ஊசி மருந்துதான் என்று, இரண்டு பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சத்தியம் செய்தேன்.